இரண்டு வெள்ளையும் ஒரு முகமும்

சுவருக்குச் சாயம் பூசும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லும்படி ராசாத்தி கேட்டாள். நாலு பேர் முன்னால் நின்று பேச என்னால் ஆகாது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரை படித்தேன், எழுத வரும். அதனால் எழுதிக் கொடுக்கிறேன். ராசாத்தி உங்களுக்கு வாசிப்பாள். நடுவில் தன் கதையையும் சேர்த்துக்கொள்வாள். அதில் பாதியை மட்டும் நம்புங்கள்.

ரோலர் பிடிப்பது, ஓரம் பிடிப்பது, ஏணியில் நிற்பது இதெல்லாம் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். அதைப் பற்றி எழுதப் போவதில்லை. சிவப்பு அடிப்பதா பச்சை அடிப்பதா என்று எந்த வீட்டுக்காரரும் நம்மைக் கேட்பதில்லை. அதை அவர்களே முடிவு செய்துவிடுவார்கள். இரண்டு வெள்ளையைக் காட்டி, "எது அக்கா நல்லா இருக்கும்?" என்று கேட்பார்கள். நாம் மாட்டிக்கொள்வது அங்கேதான். முப்பது வருடத்துக்கு மேல் இந்த வேலை செய்தவள் நான். அந்தக் கேள்விக்கு நான் தலையைக் குனிந்துகொண்டு, "உங்க இஷ்டம்மா" என்று சொன்ன நாட்கள்தான் அதிகம். ஒரே ஒரு நாள் அப்படிச் சொல்லவில்லை. அந்த நாளைப் பற்றி எழுதுகிறேன்.

நான் வேலையை விடுவதற்கு ஒரு வருடத்துக்கு முன்னால். குனோங் ராபாட்டில் ஒரு வரிசை வீடு. பின்னால் சுண்ணாம்பு மலை, முன்னால் வாசலை ஒட்டி கார் நிறுத்தும் இடம். அந்த வீட்டு முன்னறைக்கு மட்டும் வேலை. வேலைக்கு நானும் ராசாத்தியும்தான். எங்களை அனுப்பிய சீன முதலாளியை நாங்கள் தவுக்கே என்போம். அவர் சொன்னது ஒன்றுதான்: சின்ன அறை, வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் முடிக்க வேண்டும், சனிக்கிழமை காலை செமோரில் வேறு வீடு.

வீட்டு மருமகள் சுமதி. முப்பத்தைந்து வயது இருக்கும். பட்டணத்தில் ஒரு அலங்காரக் கடையில் பல வருடம் மணப்பெண்களுக்கு ஒப்பனை செய்தவள். இப்போது வேலையை விட்டுவிட்டு, வீட்டு முன்னறையிலேயே சொந்தமாகச் செய்யப் போகிறாள். கணவர் சிங்கப்பூரில் வேலை. வீடு மாமியார் காமாட்சியம்மா பெயரில். அவருக்கு என்னைவிட நாலைந்து வயது அதிகம் இருக்கும். நான் அக்கா என்று கூப்பிட்டேன்.

முதல் மணப்பெண் ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறாள். அதே தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், மூன்று தெரு தள்ளி இருக்கும் பெண். காமாட்சியம்மாவோடு கோயிலுக்குப் போகிறவரின் மகள்.

சுமதி சாயக் கடையிலிருந்து இரண்டு வெள்ளையைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன டின் வாங்கி வைத்திருந்தாள். எது என்று சொல்லிவிட்டால் பெரிய டின்னைக் கடையில் பத்து நிமிடத்தில் கலந்து கொடுப்பார்கள். மூடியைத் திறந்து பார்த்தேன். ஒன்று அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி, கொஞ்சம் சாம்பல் ஓடிய வெள்ளை. மற்றொன்று ஒரு வாளி தேங்காய்ப்பாலில் ஒரே ஒரு சொட்டு ரோஜாச் சிவப்புப் பண்டுங் சிராப் விழுந்தது மாதிரி. அந்தச் சொட்டு எங்கே விழுந்தது என்று தேட வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாதான் தெரியுதுக்கா. போன்ல படம் புடிச்சி கலியாணப் பொண்ணுக்கு அனுப்புனேன், அவளும் ஒண்ணுன்றா" என்றாள் சுமதி.

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். கிழக்குச் சுவரில், கண்ணாடி மாட்டப் போகும் இடத்துக்குப் பக்கத்தில், இரண்டு வெள்ளையிலும் ஒவ்வொரு சதுரம் பூசினேன். காயட்டும், சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கலாம் என்று நானும் ராசாத்தியும் முனைக் கடைக்குப் போய்விட்டோம். வெள்ளிக்கிழமை. ராகு காலம் முடிந்த நேரம். கிழக்குச் சுவர். தமிழர் வீடு. சீனர் வீட்டிலும் மலாய்க்காரர் வீட்டிலும் பூசுவது போல அங்கேயும் பூசிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது அறையில் சூடம் வாசம் அடித்தது. சிராப் சொட்டு விழுந்த சதுரத்தின் நடுவில் மஞ்சள் தடவி, குங்குமப் பொட்டு வைத்திருந்தது. கீழே ஒரு தட்டில் உடைத்த தேங்காய். காமாட்சியம்மா நெற்றியில் திருநீறோடு நின்றுகொண்டிருந்தார்.

"நல்ல நேரத்துலதான் ஆரம்பிச்சிருக்கீங்க. சாமி கும்பிட்டாச்சு. இனிமே கடகடன்னு அடிங்க" என்றார்.

ராசாத்தி சிரித்துவிட்டாள். "அக்கா, இது சாம்பிள்லா. சும்மா பாக்குறதுக்கு அடிச்சது."

"சாமிக்கு சாம்பிள் தெரியுமா? பொட்டு வச்ச செவத்துல வேற சாயம் ஏறக் கூடாது. அதுவும் இதுதான் லட்சணமா இருக்கு, மொகத்துல ரத்தம் ஓடுற மாதிரி. அது என்னா, வெளிறிப் போயி."

அவருக்கு வித்தியாசம் தெரிந்திருக்கிறது என்பதை அப்போதே கவனித்தேன். அந்த வீட்டில் கண் கூர்மையாக இருந்தது அவருக்குத்தான்.

சுமதி மாமியாரைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். "விடுங்கக்கா. அத்தை சொன்னதையே அடிச்சிருங்க. ரெண்டும் ஒண்ணுதானே" என்றாள். சொல்லிக்கொண்டே சுவரில் கையை ஊன்றினாள். அவள் கை பொட்டு வைத்த சதுரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. கொஞ்சம் நகர்த்தி மற்றதற்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரே கைதான். முதல் இடத்தில் நன்றாகச் சாப்பிட்டு உறங்கி எழுந்தவள் கை போலிருந்தது. இரண்டாவது இடத்தில் உள்ளபடியே அவள் கை போலிருந்தது.

ஒரு சாண் சதுரமே இப்படிச் செய்தால் நாலு சுவரும் என்ன செய்யும்? இந்த அறையில் உட்காரும் பெண்ணுக்குக் கன்னம் ஏற்கெனவே சிவந்திருப்பதாகச் சுமதி நினைப்பாள். கொஞ்சமாகச் சிவப்பு வைத்து நிறுத்திவிடுவாள். பெண் வெளியே போய் வெயிலில் நிற்கும்போது?

ஆனால் என் கண் சரிதானா என்றும் தெரியவில்லை. எனக்கு மட்டும் அப்படித் தெரிகிறதோ என்னவோ. சொல்லித் தப்பாகப் போனால்? ஒப்பனை அவள் தொழில். நான் யார் சொல்ல? இப்படித்தான் எப்போதும் யோசிப்பேன், யோசித்து முடிப்பதற்குள் சுவர் பூசி முடிந்திருக்கும்.

தண்ணீர் குடிக்கிற மாதிரி சமையல்கட்டுக்குப் போனேன். சுமதி பின்னாலேயே வந்தாள். அவளிடம் மட்டும் மெல்லச் சொன்னேன், கையில் பார்த்ததை. முதலில் அவள் முகம் சுருங்கியது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"அக்கா, இந்த ரூமைக் கேட்டு வாங்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. அத்தை வாடகைக்கு விடணும்னு சொன்னாங்க. ஒரு பொண்ணுக்குப் போடு, பாக்கலாம்னு இப்பதான் குடுத்திருக்காங்க. நான் இப்ப அவங்க வச்ச பொட்ட அழிச்சா ரூமு இன்னிக்கே போயிரும். ஞாயித்துக்கெழம பொண்ணு மொகம் கெட்டா நாளைக்கழிச்சு போயிரும். கோயில் ஆளுங்க முழுக்க வருவாங்க. அப்புறம் இந்த தாமான்ல எவ எங்கிட்ட வருவா?"

"அப்ப என்னா செய்யலாம்?"

"தெரியலக்கா." கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்துத் தவுக்கே ராசாத்தியின் போனில் கூப்பிட்டார். அவள் பேசிவிட்டு வந்து சொன்னாள்: "பாக்கியக்கா, என்னா சாயம்னு கேக்குறாரு. வீட்டுக்காரம்மா சொன்னத அடிச்சிட்டு வான்றாரு. வீடு அவங்களுது, சொவரு அவங்களுது, நமக்கு என்னா வம்புன்றாரு. அவரு சொல்றதும் சரிதான்லா."

சரிதான். எத்தனையோ வீட்டில் அதைத்தான் செய்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு முன்னறைக்கு வந்து ரோலரைக் கையில் எடுத்தேன். மறுபடியும் தட்டிலேயே வைத்தேன்.

"நான் இன்னும் பாக்கல. பாக்காம அடிக்க மாட்டேன்" என்றேன்.

மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது.

"என்னா பாக்கணும்?" என்றார் காமாட்சியம்மா.

"செவத்தப் பாத்து ஒண்ணும் தெரியாதுக்கா. இந்த ரூமுல மொகத்தத்தானே பாக்கப் போறாங்க. ஒரு மொகத்த வச்சிப் பாக்கணும். நீங்க சொன்னதுதான் நல்லா இருந்துச்சுன்னா அதையே அடிச்சிட்டுப் போறேன்."

மனதார அப்படித்தான் சொன்னேன். எனக்கு எது சரி என்று முடிவாகத் தெரியாது. தெரியாமல் பூசக் கூடாது என்பது மட்டும் தெரியும்.

கார் நிறுத்தும் இடத்தில் பெரிய அட்டைப் பெட்டிகள் கிடந்தன. சுமதி வாங்கிய கண்ணாடி மேசையும் சாய்வு நாற்காலியும் வந்த பெட்டிகள். நானும் ராசாத்தியும் அவற்றைப் பிரித்து, உட்பக்கம் முழுக்கச் சாயம் பூசினோம். ஒரு பெட்டி ஒரு வெள்ளை, மற்றது மற்ற வெள்ளை. மத்தியான வெயில் சிமெண்டுத் தரையில் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு பூச்சு பூசியும் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. அறைக்குள் கொண்டு வந்து, நாற்காலியைச் சுற்றி மூன்று பக்கமும் தடுப்பு மாதிரி நிறுத்தினால் சின்னதாக ஒரு அறை. எது எந்த வெள்ளை என்று சுமதியிடம் சொல்லவில்லை. தெரிந்தால் கை அதற்கேற்ற மாதிரிப் போகும்.

"சரி, மொகத்துக்கு எங்க போறது? ராசாத்தி மொகத்துக்கு ஒரு டின் சாயம் வேணும்" என்றார் காமாட்சியம்மா.

"என்னா அக்கா, நான் கறுப்புத் தங்கம்லா" என்றாள் ராசாத்தி.

நான் காமாட்சியம்மாவைப் பார்த்தேன். கேட்கக் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் கேட்டேன்: "அக்கா, நீங்க உக்காருங்களேன்."

"நானா! இந்த வயசுலயா!" என்றார். ஆனால் கை தானாகப் போய்க் கொண்டையைச் சரி செய்தது. மருமகள் இத்தனை வருடம் ஊரார் முகத்துக்கெல்லாம் போட்டிருக்கிறாள், இவரை ஒரு நாளும் உட்கார வைத்ததில்லை என்று பிறகுதான் தெரிந்தது. கேட்கப் பயம். இவருக்கும் கேட்க வெட்கம்.

முதல் பெட்டிக்குள் இடது பக்க முகம். வலது பக்கத்தை ஒரு துண்டால் மூடி ராசாத்தி பிடித்துக்கொண்டாள். சுமதி தட்டுகளைத் திறந்தாள். அதுவரை பயந்துகொண்டிருந்த பெண் எங்கேயோ போய்விட்டாள். மாமியாரின் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். "ஆடாதீங்க அத்தே" என்று அதட்டினாள். அந்தம்மா ஆடவில்லை. முடித்ததும் சுமதி இரண்டடி பின்னால் போய்ப் பார்த்து, "இது போதும், நல்லா இருக்கு" என்றாள். எனக்கும் நன்றாகத்தான் தெரிந்தது. என் கண்தான் தப்போ என்று நினைத்தேன்.

பெட்டியை மாற்றினோம். துண்டு இடது பக்கத்துக்குப் போனது. வலது பக்கம் தொடங்கியது. இந்தத் தடவை சுமதியின் கை கன்னத்துச் சிவப்புத் தட்டுக்கு மூன்று முறை போனது. நான் எண்ணினேன். முதல் தடவை ஒரே முறைதான் போயிருந்தது. "இந்தப் பக்கமும் சரியா இருக்கு" என்று அவள் சொன்னபோதும் எனக்கு நன்றாகத்தான் தெரிந்தது. அந்தந்த வெள்ளைக்குள் இருக்கும்போது இரண்டுமே நன்றாக இருந்தன. அதுதான் பயமே.

"வெளிய போலாங்கக்கா" என்றேன்.

துண்டை எடுக்காமல் காமாட்சியம்மாவை வாசலுக்குக் கூட்டிப் போனோம். எதிர்வீட்டு அம்மா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் குழாயைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

"என்னா காமாட்சி, கலியாணமா?"

"ஆமா, எனக்குத்தான். மாப்புள பாத்துக்கிட்டு இருக்கேன், உன் வீட்டுக்காரரு சும்மாதானே இருக்காரு?"

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ராசாத்தி துண்டை இழுத்தாள். சிரிப்பு நின்றது.

வெயில் பொய் சொல்லவில்லை. வலது பக்கம் காமாட்சியம்மாதான், கோயில் திருவிழாவுக்குப் புறப்பட்ட காமாட்சியம்மா. இடது பக்கம் பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்த ஒருவர். கன்னம் வெளிறி, கண்ணுக்குக் கீழே மஞ்சளடித்து. மூக்குக்கு நடுவில் கோடு போட்டது போலப் பிரிந்து தெரிந்தது. சுமதி கையால் வாயை மூடிக்கொண்டாள்.

காமாட்சியம்மா கையை நீட்டினார். ராசாத்தி கைக்கண்ணாடியைக் கொடுத்தாள். அவர் தலையை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். மறுபடியும் திருப்பினார்.

"இந்தச் சீக்குக்காரி எந்த வெள்ள?" என்று என்னைக் கேட்டார்.

பிள்ளைகளே, அந்த இடத்தில் பொய் சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? இரண்டிலும் பிழை இருக்கிறது, வேறு வாங்கலாம் என்று மழுப்பியிருக்கலாம். அவர் பார்வையைத் தாங்க முடியாமல் அவர் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நீங்க பொட்டு வச்சதுக்கா. தப்பு என்மேலதான். உங்களக் கேக்காம வெள்ளிக்கெழமையில செவத்துல கைய வச்சேன். அட்டையில அடிச்சிக் காட்டியிருந்தா உங்களுக்கு இந்தச் சங்கடம் இல்ல."

கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார். எதிர்வீட்டு அம்மா குழாயை மூடிவிட்டு வேலி ஓரமாகவே வந்துவிட்டார், கேட்க வசதியாக. காமாட்சியம்மா அவரையும் பார்த்தார், மருமகளையும் பார்த்தார். சுமதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் ஒரு வார்த்தை சொன்னாலும் குற்றமாகிவிடும் என்று அவள் நிற்பது தெரிந்தது.

"நான் பொட்டு வச்சது சாமிக்கு. மொகத்துக்கு இல்ல" என்றார் காமாட்சியம்மா, நிதானமாக. "அந்தச் சதுரத்த யாரும் தொடாதீங்க. அது அப்படியே இருக்கட்டும். அதுமேல லட்சுமி படத்த மாட்டுங்க. மத்த எடமெல்லாம் அந்த அரிசித் தண்ணி மாதிரி வெள்ளைய அடிங்க."

"சாமி படத்துக்குப் பின்னால சாமி பாத்த சாயம். கணக்கு சரியாப் போச்சுலா" என்றாள் ராசாத்தி.

"நீ வாய மூடிக்கிட்டுப் போயி டின்ன வாங்கிட்டு வா."

ராசாத்தி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். காமாட்சியம்மா போய் முகத்தைக் கழுவினார். இடது பக்கத்தை மட்டும். வலது பக்கத்தைப் பொழுது சாயும்வரை வைத்திருந்தார். நாங்கள் ரோலரைத் தொட்டபோது மணி நாலு. மலை நிழல் வீட்டின் மேல் விழுந்துவிட்டது. நிற்காமல் வேலை செய்தோம். இரண்டாவது பூச்சு முடியும்போது தெரு விளக்கு எரிந்தது. தவுக்கே இரண்டு தடவை போன் செய்து கத்தினார். மறுநாள் செமோருக்கு வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் அவர் வாயை அடைத்தோம்.

நீங்கள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இதை எழுதுங்கள். ஒன்று போலிருக்கும் இரண்டு சாயத்தைப் பக்கத்தில் பக்கத்தில் பூசி, இரண்டையும் முறைத்துப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. அந்த அறையில் யார் என்ன செய்யப் போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். அங்கே வரப்போகும் பொருளை, ஆளை, துணியை, அதற்கு முன்னால் வைத்துப் பாருங்கள். பிறகு அதையே வெளியே கொண்டுபோய்ப் பாருங்கள். சுவரில் கை வைப்பதற்கு முன் அட்டையில் பூசுங்கள். தமிழர் வீட்டில் முதல் கைச் சாயம் சுவரில் விழும் நேரம் அந்த வீட்டுக்கு ஒரு நல்ல காரியம். அதை உங்கள் சோதனைக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். எது சரி என்று தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வது "உங்க இஷ்டம்" என்று நழுவுவது ஆகாது. தெரியாது என்று சொன்னவள் அடுத்து பார்த்தாக வேண்டும். "உங்க இஷ்டம்" என்றவள் வீட்டுக்குப் போய்விடலாம். நான் முப்பது வருடம் வீட்டுக்குப் போனவள், அதனால் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை என்ன ஆனது என்று கேட்பீர்கள்.

சுமதி வரச் சொல்லியிருந்தாள். நான் இருக்கும் சிலிபினிலிருந்து ராசாத்தியின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து போனேன். உள்ளே போகக் கூச்சமாக இருந்தது. பட்டுப் புடவைகள், பூ, கார்கள். எதிர்வீட்டு வேலி ஓரமாக நின்றுகொண்டோம். எட்டு மணிக்கு வெயில் தெருவில் நன்றாக விழுந்திருந்தபோது பெண்ணை வெளியே கூட்டி வந்தார்கள். அவளுடைய அம்மா வாசலில் வழியை மறித்து நின்றார். மகளின் தாடையைப் பிடித்து வெயிலுக்கு நேராகத் திருப்பினார். சுமதி பின்னால் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் விரல்கள் வெளுத்திருந்தன.

அந்தம்மா வெகுநேரம் பார்த்தார். பிறகு, "எம்மவ எம்மவளாவே இருக்கா" என்றார். அழுகையும் வந்துவிட்டது. "அழாதீங்கம்மா, நானும் அழுதா எல்லாம் போயிரும்" என்றாள் மணப்பெண். எல்லாரும் சிரித்தார்கள்.

கார் போன பிறகு கோயில்காரப் பெண்கள் நாலைந்து பேர் காமாட்சியம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் மகளுக்குத் தை மாதத்தில் கல்யாணம், இன்னொருவர் வீட்டில் சடங்கு. உங்கள் வீட்டில் நாள் கிடைக்குமா, எப்போது வரலாம் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

"என்னை ஏன் கேக்குறீங்க?" என்றார் காமாட்சியம்மா. "அவ ரூமு. அவளக் கேளுங்க."

பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். சன்னல் வழியாகப் பார்த்தேன். கண்ணாடியைப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், சுமதியின் கையிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார்கள். சுவரை ஒருவரும் பார்க்கவில்லை.

"போலாமாக்கா?" என்றாள் ராசாத்தி.

"போலாம்" என்றேன்.